முயல் குட்டிகள் ஏன் இறக்கின்றன? பெட்டியில் தெரியும் அறிகுறிகளும் அன்றே செய்ய வேண்டியவையும்

முயல் வளர்ப்பில் நட்டம் பெரும்பாலும் குட்டி பிறந்த முதல் பத்து நாட்களுக்குள் வந்துவிடுகிறது. பெட்டை சினை பிடித்து, 31 நாள் காத்திருந்து, ஏழெட்டுக் குட்டிகளைக் கண்ட மகிழ்ச்சி அடங்குவதற்குள், மூன்றாம் நாள் காலையில், தாய் ஈனுவதற்காகக் கூண்டுக்குள் வைத்த பெட்டியைத் திறந்தால் நான்கு குட்டிகள் விறைத்துக் கிடக்கும். தர்மபுரி வெயிலுக்கு முயல் ஆகாது என்பார் ஒருவர். தாய் ராசியில்லாதது என்பார் இன்னொருவர். குட்டியைக் கையால் தொட்டதால்தான் தாய் ஒதுக்கிவிட்டது என்பது எல்லோரும் சொல்வது. பாலக்கோடு பக்கத்தில் முயல் வளர்த்து, முதல் இரண்டு ஆண்டுகள் பாதிக்கு மேல் குட்டிகளைப் பறிகொடுத்த பிறகே எனக்கு ஒன்று விளங்கியது. குட்டியைத் தொட்டதால் அவை சாகவில்லை. நான் தொடாமல் விட்டதால்தான் செத்தன. இன்று இறந்து கிடக்கும் குட்டிக்கான காரணம் நேற்றே பெட்டிக்குள் தெரிந்திருக்கும், பார்க்கத்தான் ஆளில்லை.

கையால் பழக்கிய தாய் முயல் மனித வாடைக்காகக் குட்டியை ஒதுக்குவதில்லை. கையை வாசனையில்லாமல் கழுவி, அந்தத் தாயின் முடியையோ பெட்டியில் கிடக்கும் வைக்கோலையோ உள்ளங்கையில் தேய்த்துக்கொண்டால் போதும். இந்த அச்சம் காட்டு முயலைப் பார்த்து வந்ததாக இருக்கலாம். பென்னாகரம், தேன்கனிக்கோட்டை மலையடிவாரங்களில் கண்ணில் படும் காட்டு முயலின் குட்டி, முடியோடும் திறந்த கண்ணோடும் பிறந்து, சிறிது நேரத்திலேயே நகரத் தொடங்கிவிடும். நாம் வளர்க்கும் முயலின் குட்டியோ முடியில்லாமல், கண் திறக்காமல், தன் உடல் சூட்டைத் தானே காத்துக்கொள்ளும் வலுவில்லாமல் பிறக்கிறது. இரண்டும் வேறு வேறு இனங்கள். ஒன்றோடொன்று இணைந்து குட்டி ஈனுவதும் இல்லை. காட்டு முயலைப் பிடிப்பது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமும் ஆகும்.

எந்த அறிகுறியைப் பார்ப்பதற்கும் முன்பாக ஒரே ஒரு பழக்கம் வேண்டும். தாய் முயல் நாளுக்கு ஒரு முறை, சில வேளை இரண்டு முறை, அதுவும் மூன்று முதல் ஐந்து நிமிடங்கள் மட்டுமே பால் கொடுக்கும்; பெரும்பாலும் இரவிலோ விடியற்காலையிலோ கொடுத்துவிட்டு மறுநாள் வரை பெட்டிப் பக்கம் போகாது. ஆகவே காலை ஏழு மணி அளவில் தாய்க்கு ஒரு பிடி வேலிமசால் தழையைப் போட்டுவிட்டு, பெட்டியை வெளியே எடுத்து, முடியை விலக்கி, குட்டிகளை எண்ணி, ஒவ்வொன்றின் வயிற்றையும் விரலால் தொட்டுப் பார்க்க வேண்டும். பால் குடித்த குட்டியின் வயிறு பலூன் போல உருண்டிருக்கும். மெல்லிய தோலுக்கு அடியில் பால் வெள்ளையாகத் தெரியும். குடிக்காத குட்டியின் வயிறு ஒட்டி, விலாப்புறத் தோல் சுருங்கி, கை பட்டதும் தலையைத் தூக்கித் துழாவும். வயிறு நிறைந்திருக்கிறதா, உடல் சூடாக இருக்கிறதா என்ற இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை தெரிந்தால் கீழே சொல்வனவற்றில் எது உங்கள் பெட்டிக்குப் பொருந்தும் என்பது ஏறக்குறைய முடிவாகிவிடும்.

குட்டிகள் பெட்டிக்கு வெளியே, கம்பித் தளத்தில் சில்லிட்டுக் கிடக்கின்றன

முதலில் சூடேற்றுங்கள், காரணத்தைப் பிறகு தேடலாம். சில்லிட்ட குட்டியை இறந்ததாக எண்ணி எறிந்துவிடக் கூடாது. ஒரு தை மாதக் காலையில் ஐந்து குட்டிகள் கம்பியின் மேல் சாம்பல் நிறத்தில் கிடந்தன. அவற்றில் ஒன்று மட்டும் நெடுநேரத்திற்கு ஒரு முறை வாயைத் திறந்து மூடியது, மற்றவற்றில் அசைவே இல்லை. வெதுவெதுப்பான நீர் நிரப்பிய தண்ணீர் பாட்டிலைப் பழைய வேட்டித் துணியில் இரண்டு சுற்றுச் சுற்றி, அதன் இரு புறமும் குட்டிகளை ஒட்டிக் கிடத்தி, மேலே ஒரு துணியைப் போர்த்தி வைத்தோம். கால் மணி நேரத்தில் ஒன்றின் பின்னங்கால் துடித்தது. பிறகு தோல் மெல்லச் சிவந்தது. முக்கால் மணி நேரத்தில் நான்கு குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறத் தொடங்கிவிட்டன. பாட்டிலின் சூடு நம் மணிக்கட்டுக்கு இதமாகத் தெரிய வேண்டும், சுடக் கூடாது. அடுப்புக்கு அருகிலோ வெயிலிலோ வைப்பதும், சில்லிட்டிருக்கும்போதே வாயில் பால் ஊற்றுவதும் மிச்சமிருக்கும் உயிரையும் போக்கிவிடும். குளிர்ந்த குட்டியால் விழுங்கவும் முடியாது, செரிக்கவும் முடியாது.

சூடேறிய குட்டிகளைப் பெட்டியில் சேர்க்கும்போது போதுமான முடி இருக்கிறதா என்று பாருங்கள். தாய் முடி பறிக்காமல் ஈன்றிருந்தால், அதன் வயிற்றுப் பகுதி முடியை நீங்களே மெதுவாக இழுத்து எடுக்கலாம். ஈனும் சமயத்தில் அந்த முடி தளர்ந்திருப்பதால் வலியில்லாமல் கையோடு வரும், காம்புகளும் வெளியே தெரியும். இளவேனிலில் அதிகமாக முடி பறிக்கும் தாய்களிடமிருந்து கொஞ்சம் எடுத்து, உலர்ந்த துணிப்பையில் சேர்த்து வைத்துக்கொள்வதும் நல்லது.

காரணங்கள் மூன்று. இனச்சேர்க்கை செய்த தேதியைக் குறிக்காமல் விட்டு, பெட்டியைத் தாமதமாக வைத்திருக்கலாம். 27 அல்லது 28ஆம் நாளில் பெட்டி உள்ளே இருக்க வேண்டும். அதற்கு வெகு முன்பே வைத்தால் தாய் அதையே கழிப்பிடமாக்கிவிடும். இரண்டாவது, அது முதல் ஈத்தாக இருக்கலாம். முதல் ஈத்தில் வெளியே போட்டுவிட்ட தாய் இரண்டாம் ஈத்தில் ஒழுங்காக ஈன்றதை நான் பல முறை பார்த்திருக்கிறேன். மூன்றாம் முறையும் வெளியே போட்டால் அதை இனப்பெருக்கத்தில் வைத்திருக்க வேண்டியதில்லை. மூன்றாவது காரணம் பலருக்குத் தெரிவதில்லை. குட்டி காம்பைப் பற்றிக் குடித்துக்கொண்டிருக்கும்போது நாய் குரைத்தோ பாத்திரம் விழுந்தோ தாய் மிரண்டு வெளியே தாவினால், காம்பை விடாத குட்டி அதனோடு வெளியே வந்து விழுந்துவிடும். பூனையும் நாயும் தம் குட்டியைக் கவ்வித் திரும்பக் கொண்டு போகும். முயல் அதைச் செய்யாது, பக்கத்திலேயே கிடந்தாலும் எடுத்து வைக்காது. ஒரே ஒரு குட்டி மட்டும், வயிறு நிறைந்த நிலையில், வெளியே கிடந்தால் இதுதான் நடந்திருக்கிறது. இதற்குத் தீர்வு பெட்டியின் வாசலில் இருக்கிறது. நடுத்தர உடல்வாகுள்ள முயலுக்கு 45 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரமுள்ள பெட்டி போதும். வாசல் விளிம்பு 15 செ.மீ. உயரம் இருந்தால் தொங்கி வரும் குட்டி விளிம்பில் உரசி உள்ளேயே விழும்.

ஓசூர், தளி பக்கத்தில் மார்கழியும் தையும் தர்மபுரியைவிடக் கடுமையானவை. அங்கே பெட்டியின் அடியில் அட்டைத்தாளை விரித்து, அதன் மேல் ஒரு சாண் அளவுக்கு வைக்கோல் இட்டு, நடுவில் கையால் குழி செய்து வைப்பது கட்டாயம்.

குட்டிகள் சூடாகவே இருக்கின்றன, ஆனால் வயிறு ஒட்டியிருக்கிறது

இது பால் சிக்கல். பிறந்த அன்று ஒட்டிய வயிற்றைக் கண்டு பதற வேண்டாம், அடுத்த காலை வரை பார்க்கலாம். இரண்டாம் காலையிலும் ஒட்டியிருந்தால் அன்றே செயல்பட வேண்டும். எல்லாக் குட்டிகளுக்கும் வயிறு ஒட்டியிருக்கிறதா, ஓரிரண்டுக்கு மட்டுமா என்பதை முதலில் பாருங்கள். இரண்டு மட்டும் மெலிந்திருந்தால் காம்புக்கான போட்டியில் அவை தோற்கின்றன என்று பொருள். தாய்க்குப் பெரும்பாலும் எட்டுக் காம்புகள்தான்; பத்துக் குட்டி ஈன்ற தாயிடம் எல்லாம் பிழைக்கும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

இதற்கு உள்ள சிறந்த மருந்து இன்னொரு தாய். அதனால்தான் இரண்டு மூன்று பெட்டைகளையாவது ஒரே நாளில் இணைத்துவிடுங்கள் என்று புதிதாகத் தொடங்குபவர்களிடம் சொல்லிவருகிறேன். ஒரு தாய்க்கு நான்கு, இன்னொன்றுக்குப் பத்து என்றால், நல்ல வலுவான மூன்று குட்டிகளை எடுத்துக் குறைவாக உள்ள தாயின் பெட்டியில் அதன் முடிக்கு நடுவே புதைத்து வைத்தால், ஒன்றிரண்டு மணி நேரத்தில் வாடை கலந்து அவை அந்த வீட்டுப் பிள்ளைகள் ஆகிவிடும். வயது வித்தியாசம் இரண்டு மூன்று நாட்களுக்கு மேல் இருக்கக் கூடாது. மெலிந்தவற்றை மாற்றாமல் வலுவானவற்றை மாற்ற வேண்டும் என்பதைக் கவனியுங்கள். புதிய இடத்தில் போட்டி போட வலு வேண்டும்.

எல்லாக் குட்டிகளுமே பட்டினி என்றால் தாயைத் திருப்பி மடியைத் தடவிப் பாருங்கள். காம்பைச் சுற்றிச் சூடாக, சிவந்து, கல் போல இறுகியிருந்தால் அது மடிநோய். நாள் ஆக ஆக அந்த இடம் நீலம் பாரிக்கும், தாய் தீவனத்தைத் தொடாது. உடனே கால்நடை மருந்தகத்திற்குக் கொண்டு போக வேண்டும். இந்தத் தாயின் குட்டிகளை மட்டும் இன்னொரு தாயிடம் விடக் கூடாது. குட்டியின் வாய் வழியாக நோய் அந்த மடிக்கும் போய்விடும். பெட்டி விளிம்பில் கூரான சிலாம்போ கம்பி முனையோ இருந்து மடியைக் கீறியிருக்கிறதா என்றும் பாருங்கள், பெரும்பாலும் தொடக்கம் அதுதான்.

மடி மென்மையாக, பால் இருந்தும் தாய் பெட்டிக்குள் போகவில்லை என்றால், காலையிலும் மாலையிலும் தாயைத் தூக்கிப் பெட்டிக்குள் வைத்து, முதுகைத் தடவியபடி ஐந்து நிமிடம் அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். குட்டிகள் தாமே காம்பைக் கண்டுபிடித்துக்கொள்ளும். மூன்று நான்கு நாட்கள் இப்படிச் செய்தால் பெரும்பாலான தாய்கள் பழகிவிடும்.

தாய் இறந்துவிட்டது, மாற்றுத் தாயும் இல்லை என்ற நிலையில் மட்டும் கையால் பால் புகட்டுங்கள். முயல் பாலில் கொழுப்பும் புரதமும் பசும்பாலைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு இருப்பதால்தான் குட்டிக்கு ஒரு நாளுக்கு ஒரு முறை போதுமானதாக இருக்கிறது. எனவே நீர் கலந்த பசும்பால் உதவாது. ஆட்டுப்பாலோ, கடையில் கிடைக்கும் பூனைக்குட்டிக்கான பால் பவுடரோ பரவாயில்லை. முதல் வாரத்தில் வேளைக்கு 2 முதல் 2.5 மி.லி., இரண்டாம் வாரத்தில் 5 முதல் 7 மி.லி. என நாளுக்கு இரு வேளை கொடுக்கலாம். குட்டியை மல்லாக்கப் படுக்க வைக்காமல், வயிறு கீழே இருக்கப் பிடித்து, ஊசியில்லாத சிரிஞ்சினால் உதட்டோரம் துளித்துளியாக விட வேண்டும். அவசரப்பட்டால் பால் நுரையீரலுக்குப் போய்விடும். ஒவ்வொரு முறையும் வெதுவெதுப்பான ஈரப் பஞ்சால் அடிவயிற்றை வருடிச் சிறுநீர் கழிக்கச் செய்ய வேண்டும், தாய் நக்கிச் செய்யும் வேலை அது. இத்தனை செய்தும் பாதி பிழைத்தால் நல்ல பலன் என்றே கொள்ள வேண்டும்.

தாயே குட்டியைக் கடித்திருக்கிறது, தின்றிருக்கிறது

பென்னாகரம் பக்கத்தில் ஆறு பெட்டைகளோடு தொடங்கிய ஒரு பெண் ஒரு சித்திரை மாதக் காலையில் தொலைபேசியில் அழைத்தார். "குட்டியத் தாயே தின்னுடுச்சுங்கண்ணா, இந்த முயல வச்சிருக்கவே பயமா இருக்குது" என்றார். நேரில் போய்ப் பார்த்தபோது தாய் கூண்டின் ஓரத்தில் இருந்த தண்ணீர் நிப்பிளை, அதாவது நக்கினால் நீர் சொட்டும் குழாய் முனையை, விடாமல் நக்கிக்கொண்டிருந்தது. அதை விரலால் அழுத்தினேன். ஒரு துளி வந்து நின்றுவிட்டது. கழற்றியபோது உள்ளே வெள்ளைச் சுண்ணாம்பு போல உப்பு படிந்து அடைத்திருந்தது. நம் மாவட்டத்து ஆழ்துளைக் கிணற்று நீரில் இது எங்கும் நடக்கும். முந்தைய நாள் தொட்டியில் நீர் நிரப்பியதால் அவர் தண்ணீர் இருக்கிறது என்றே நம்பியிருந்தார்.

ஈன்ற தாய் நஞ்சுக்கொடியைத் தின்பது இயல்பு. அந்த வேளையில் உடலில் நீர் வற்றிப்போயிருந்தால் அது அங்கே நிற்காமல் குட்டிக்கும் போய்விடுகிறது. எட்டுக் குட்டிக்குப் பால் கொடுக்கும் தாய் ஒரு நாளில் ஒரு லிட்டர் வரை நீர் குடிக்கும், கோடையில் அதற்கும் மேல். எனவே ஈனும் நாளுக்கு முன்பிருந்தே நிப்பிளை நம்பாமல் கனமான மண்சட்டியிலும் தண்ணீர் வையுங்கள். நிப்பிள்களை மாதம் ஒரு முறை கழற்றி, எலுமிச்சைச் சாறோ வினிகரோ கலந்த நீரில் ஊறவைத்துக் கழுவுங்கள். அந்தத் தாய் அடுத்த ஈத்தில் ஏழு குட்டிகளை வளர்த்துக் கொடுத்தது.

நீர் சரியாக இருந்தும் கடித்தால், ஈனும் இரவில் கூண்டருகே நாய், பெருச்சாளி, கூட்டம், வெடிச் சத்தம் இருந்ததா என்று யோசியுங்கள். சினைக் காலத்தின் கடைசிப் பத்து நாட்களில் வெறும் புல்லையும் தவிட்டையும் மட்டும் கொடுத்திருந்தால் அதுவும் ஒரு காரணம்; புரதமும் தாது உப்புக் கலவையும் சேர்ந்த அடர்தீவனம் வேண்டும். காலோ காதோ மட்டும் நைந்து இறந்த குட்டி என்றால், பெரும்பாலும் அது இறந்தே பிறந்ததை நக்கி எழுப்ப முயன்றதன் விளைவு. தாயின் மேல் பழி போட வேண்டாம்.

குட்டி குறைகிறது, அல்லது உடலெங்கும் சிவப்புப் புள்ளிகள்

புள்ளிகள் என்றால் எறும்பு. ஈன்ற இரத்த வாடைக்கு இரவிலேயே வந்துவிடும். கூண்டுக் கால்களைத் தண்ணீரும் சிறிது எண்ணெயும் ஊற்றிய டப்பாக்களில் நிறுத்தி, சுவரில் கூண்டு உரசாமல் பாருங்கள். எறும்புப் பொடியைக் கூண்டுக்குள் தூவாதீர்கள். தடயமே இல்லாமல் எண்ணிக்கை குறைந்தால் எலி, பாம்பு, கீரி, பூனை. கட்டைவிரல் நுழையும் இடைவெளி போதும், எலி வந்துவிடும். அரை அங்குலக் கண்ணுள்ள வலையே பாதுகாப்பு.

கோடையில் குட்டிகள் ஒட்டிப் படுக்காமல் விலகி, சிவந்து, மூச்சு வாங்குகின்றன

குளிருக்கு ஒன்றன்மேல் ஒன்று குவியும் குட்டிகள் பெட்டியின் மூலைக்கு ஒன்றாகச் சிதறிக் கிடந்தால் சூடு மிகுந்துவிட்டது. பெட்டியில் உள்ள முடியில் பாதியை எடுத்துவிடுங்கள், மூடியை அகற்றுங்கள், பங்குனி முதல் வைகாசி வரை பலகைப் பெட்டிக்குப் பதிலாக அடிப்புறமும் பக்கமும் கம்பி வலையாலான பெட்டியில் மெல்லிய வைக்கோல் இட்டுப் பயன்படுத்துங்கள். தகரம் அல்லது சிமெண்ட் அட்டைக் கூரையின் கீழ் மதியத்தில் உள்ளே நின்றாலே நமக்குத் தலை சுற்றும்; அட்டையின் மேல் தென்னங்கீற்றைப் பரப்பி, பக்கவாட்டில் ஈரச் சாக்கைத் தொங்கவிட வேண்டும். முயலுக்கு நம்மைப் போல வியர்த்து உடலைக் குளிர்விக்க முடியாது, பெரும்பாலும் காது வழியாகத்தான் சூட்டை வெளியேற்றும். பாட்டிலில் நீரை உறைய வைத்துத் தாயின் கூண்டில் கிடத்தினால் அது அதன்மேல் சாய்ந்துகொள்ளும்.

பெட்டி ஈரமாக, நாற்றத்தோடு இருக்கிறது. குட்டியின் கால் வீங்கியிருக்கிறது

ஈரம் என்றால் தயங்காமல் முழுவதையும் மாற்றுங்கள். நல்ல முடியை மட்டும் பிரித்தெடுத்து, வேறு உலர்ந்த பெட்டியில் புது வைக்கோல் இட்டு, பழைய குழி இருந்த அதே மூலையில் குட்டிகளை வையுங்கள். பெட்டியின் அடிப்பலகையில் ஐந்தாறு துளைகள் இல்லையென்றால் சிறுநீர் தேங்கத்தான் செய்யும்.

கால் வீக்கத்தைப் பற்றிச் சற்று விளக்கிச் சொல்ல வேண்டும். வைக்கோல் கிடைக்காத ஒரு முறை, பழைய கோணிச் சாக்கை வெட்டி மெத்தை போல இட்டேன். ஐந்தாம் நாள் ஒரு குட்டியின் பின்னங்கால் கருநீலமாக உப்பியிருந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது, மயிரிழை போன்ற சணல் நூல் ஒன்று கணுக்காலில் மூன்று சுற்றுச் சுற்றிச் சதைக்குள் இறங்கியிருந்தது. நகவெட்டியின் முனையால் அறுத்தெடுத்தும் அந்தப் பாதம் நிலைக்கவில்லை. குட்டிகள் இரவு முழுவதும் புழு போல நெளிந்துகொண்டே இருப்பதால் நீளமான இழை எதுவும் சுற்றிக்கொள்ளும். தேங்காய் நார், சாக்கு நூல், பஞ்சு, துணிக் கிழிசல் எதுவும் பெட்டிக்குள் வேண்டாம். நெல் வைக்கோலோ, நம் பக்கத்தில் எளிதாகக் கிடைக்கும் கேழ்வரகுத் தாளோ, உலர்ந்த புல்லோ போதும். பூசணம் பிடித்ததாக இருக்கக் கூடாது.

12 நாளாகியும் கண் திறக்கவில்லை

பத்து முதல் பன்னிரண்டு நாட்களில் கண் திறந்துவிட வேண்டும். அதற்குப் பின்னும் இமை ஒட்டி, உள்ளே உப்பியிருந்தால் சீழ் கட்டியிருக்கிறது. காய்ச்சி ஆறவைத்த வெதுவெதுப்பான நீரில் சிறிது உப்பிட்டு, பஞ்சால் சில நிமிடம் ஒற்றி, இமையை இலேசாகப் பிரித்து, சீழைத் துடைத்துவிட்டுக் கால்நடை மருத்துவர் சொல்லும் கண் களிம்பை இடுங்கள். ஓரிரு நாள் தாமதித்தால் கண் போய்விடும். இது அழுக்கான பெட்டியின் நோய். ஒன்றுக்கு வந்தால் பெட்டியையும் மாற்ற வேண்டும்.

ஒரு மாதம் நன்றாக இருந்த குட்டிகள் வயிறு உப்பி, கழிந்து இறக்கின்றன

பெட்டியிலிருந்து காப்பாற்றிய குட்டிகளை இங்கேதான் இரண்டாம் முறை இழக்கிறோம். நான்கு முதல் எட்டு வாரக் குட்டிகளின் கழிச்சலுக்கு முதலில் சந்தேகிக்க வேண்டியது ரத்தக் கழிச்சல் எனப்படும் காக்சிடியா நோய். எச்சத்தில் வெளியேறும் அந்த ஒட்டுண்ணியின் முட்டைகள், ஈரமும் வெப்பமும் உள்ள இடத்தில் சில நாட்கள் கிடந்த பிறகே நோயைப் பரப்பும் நிலையை அடைகின்றன. எனவே தினமும் எச்சத்தை அகற்றி, தீவனத்தைத் தரையில் போடாமல் இருந்தாலே நோயின் பாதி குறைந்துவிடும். சாதாரணக் கிருமிநாசினிக்கு அம்முட்டைகள் சாவதில்லை. கொதிநீரும் தீச்சுடரும்தான் அழிக்கும். மருந்து சல்ஃபா வகையோ டோல்ட்ராசுரிலோ, எடையைப் பார்த்து மருத்துவர் சொல்லும் அளவில் கொடுக்க வேண்டும்.

ஒன்றை அழுத்தமாகச் சொல்கிறேன். வீட்டில் குழந்தைக்கு வாங்கி மீதமிருக்கும் அமாக்ஸிசிலின், ஆம்பிசிலின் போன்ற மருந்துகளை முயலுக்கு வாய் வழியாகக் கொடுக்கவே கூடாது. லிங்கோமைசினும் கிளிண்டமைசினும் அப்படியே. அவை குடலில் உள்ள நல்ல நுண்ணுயிர்களை அழித்து, நஞ்சை உண்டாக்கும் கிருமியைப் பெருக்கி, ஓரிரு நாட்களில் முயலைக் கொன்றுவிடும். கோழித் தீவனத்தைக் கொடுப்பதும் ஆபத்து; அதில் கோழிக்காகக் கலக்கப்படும் சில மருந்துகள் முயலுக்கு நஞ்சு.

தீவனத்தையும் பாருங்கள். தாயிடமிருந்து பிரித்த அன்றே புதுத் தீவனத்திற்கு மாற்றினால் வயிறு கெடும். 30 முதல் 35 நாளில் பிரிக்கும்போது குட்டிகளைப் பழைய கூண்டிலேயே விட்டுத் தாயை மட்டும் மாற்றி, பத்து நாளுக்கு அதே தீவனத்தைத் தொடருங்கள். கடலைப் புண்ணாக்கை உடைத்து முகர்ந்து பாருங்கள். பூசண வாடை இருந்தால் எவ்வளவு மலிவாகக் கிடைத்திருந்தாலும் வேண்டாம், பூசண நஞ்சை முயல் சிறிதும் தாங்காது. நம் பக்கத்தில் மிகுதியாகக் கிடைக்கும் மரவள்ளி இலையில் சயனைடு உண்டு, பச்சையாகப் போடக் கூடாது. வேலிமசால், முயல்மசால், குதிரைமசால், அகத்தி ஆகியவற்றைக் கூட, பறித்துச் சில மணி நேரம் நிழலில் வாடவிட்டுக் கொடுப்பது நல்லது. எவற்றை நம் மண்ணில் வளர்க்கலாம் என்பதற்குப் பாப்பாரப்பட்டியில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் ஆலோசனை கேட்கலாம்.

ஆனி, ஆடியில் எந்தப் பெட்டையும் சினை பிடிக்கவில்லை

பெட்டைகளைக் குறை சொல்லாமல் ஆண் முயலைப் பாருங்கள். 30 டிகிரி செல்சியஸுக்கு மேல் தொடர்ந்து வெப்பம் இருந்தால் விந்தணுக்கள் கெடும். புதிதாக உருவாகி முதிர ஒன்றரை முதல் இரண்டு மாதம் ஆகும். சித்திரை வெயிலின் விளைவு ஆனியில்தான் தெரியும். ஆணுக்குத்தான் பண்ணையின் மிகக் குளிர்ந்த இடம். கொடைக்கானல் பக்கத்து மன்னவனூர், ஊட்டி பக்கத்து சாண்டிநல்லா போன்ற மலைப்பகுதி ஆராய்ச்சி நிலையங்களின் வழி வந்த முயல்களை வாங்குவோர் ஐப்பசி, கார்த்திகையில் கொண்டுவந்தால் கோடைக்கு முன்பாக அவை நம் ஊருக்குப் பழகிக்கொள்ளும்.

பெட்டையை ஆணின் கூண்டுக்குத்தான் கொண்டு போக வேண்டும். முயலில் இணைந்த பிறகே, ஏறக்குறைய 10 மணி நேரம் கழித்து, முட்டை வெளிப்படுகிறது. அதே நாளில் சில மணி நேரம் விட்டு மறுமுறை இணைத்தால் வாய்ப்பு கூடும். 16 முதல் 18ஆம் நாளிலேயே முடி பறித்துக் கூடு கட்டினால் அது பொய்ச்சினை. ஏமாற வேண்டாம், அப்போது மீண்டும் இணைத்தால் பெரும்பாலும் பிடிக்கும்.

நாள் கடந்தும் ஈனவில்லை

32ஆம் நாள் வரை காத்திருக்கலாம். அதற்குள் 12 முதல் 14ஆம் நாளில் அடிவயிற்றைத் தடவிப் பார்த்து, திராட்சை போன்ற உருண்டைகளை உணர்ந்து சினையை உறுதி செய்திருந்தால், 33ஆம் நாள் காலையில் யோசிக்க ஒன்றுமில்லை. ஒன்றிரண்டு குட்டிகளே பெரிதாக வளர்ந்து சிக்கியிருக்கும், அல்லது உள்ளேயே இறந்திருக்கும். முக்குவதும் தீவனம் மறுப்பதும் தெரிந்தால் அதற்கு முன்பே போக வேண்டும். வெளியே இழுக்க முயலாமல், கூடையில் ஈரச் சாக்கு விரித்து, வெயில் ஏறுமுன் கால்நடை மருந்தகத்திற்குக் கொண்டு செல்லுங்கள். வண்டி இல்லையென்றால் கால்நடை ஆம்புலன்ஸுக்கான 1962 என்ற எண்ணில் அழைக்கலாம். இனச்சேர்க்கைத் தேதியை எழுதிய தாளையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள், ஊசி போடுவதா வேண்டாமா என்பதை மருத்துவர் அதைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்.